தமயந்தியின் இடது கை

உலகத்தில் யாருமே படிக்காத எழுத்து என்று ஒன்று உண்டென்றால், அதை எழுதிச் சம்பளம் வாங்குகிறவள் நான். புரோகிராமர்கள் நிரல் எழுதுவதற்கென்றே 'நாணல்' என்று ஒரு எடிட்டர் இருக்கிறது. கோயம்புத்தூரில், சரவணம்பட்டிப் பக்கம் ஒரு கட்டடத்தின் மாடியில் நாங்கள் அதைச் செய்கிறோம். சில வாரங்களுக்கு ஒருமுறை புதிய பதிப்பு வரும். அதில் என்ன மாறியிருக்கிறது, எந்தப் பிழை சரியானது, எந்த விசையைத் தட்டினால் எந்த வேலை சுருக்கமாக முடியும் என்றெல்லாம் விளக்கி எழுதுவது என் வேலை. எடிட்டரைத் திறந்தவுடன் ஒரு சின்னப் பெட்டியில் என் எழுத்து வந்து நிற்கும். வந்த வேகத்தில் மூலையில் இருக்கும் பெருக்கல் குறியைத் தட்டி அதை விரட்டிவிடுவார்கள்.

ஒரு பதிப்பில், சோதித்துப் பார்ப்போமே என்று, "இதைப் படிக்கிறவர்கள் முகவரி அனுப்புங்கள், மைசூர்பாகு அனுப்பிவைக்கிறேன்" என்று குறிப்பின் நடுவில் எழுதிவைத்தேன். லட்சக்கணக்கான பேர் பயன்படுத்தும் மென்பொருள் இது. ஒருவர்கூடக் கேட்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது, மைசூர்பாகை நானே தின்று தீர்த்தேன்.

அதனால் எங்கள் முதலாளி கிருபாகரன் பட்டையைக் கொண்டுவந்தபோது நான் பெரிதாக மகிழவில்லை. குறிப்பை இனி யாரும் படிக்கவே வேண்டாம், விரலே கற்றுக்கொள்ளும் என்றார் அவர். மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் மெல்லிய பட்டை அது. கைதேர்ந்த ஒருவர் வேலை செய்யும்போது நரம்பும் தசையும் என்ன செய்கின்றன என்று ஒரு பட்டை பதிந்துகொள்ளும். அந்தப் பதிவு அப்டேட்டாக உலகம் முழுக்கப் போகும். அங்கே இன்னொரு பட்டை, கட்டியிருப்பவருக்கு உறைக்காத அளவு மெலிதாகத் துடித்துத் துடித்து, அதே பழக்கத்தை அவர் கைக்கு ஊட்டும். பத்துப் பதினைந்து நாளில் அவருக்கே தெரியாமல் விரல்கள் சுருக்கவழிகளில் ஓட ஆரம்பித்துவிடும். எனக்குப் பட்டை தரவில்லை. நான் நிரல் எழுதுகிறவள் இல்லையே.

பதிவுக்குத் தேர்ந்தெடுத்தது தமயந்தியின் கையை. கோபிச்செட்டிபாளையத்துக்காரி, முப்பத்தைந்து வயதிருக்கும். அவள் மவுஸைத் தொட்டு நான் பார்த்ததில்லை. இரண்டு கையும் விசைப்பலகையை விட்டு எழும்பாது, திரையில் வரிகள் அதுபாட்டுக்குப் பறக்கும். என்ன செய்தாய் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, சிரிப்பாள். பல மாதம் பட்டையோடு, எப்போதும்போல எல்லோருக்கும் நடுவில் உட்கார்ந்து வேலை செய்தாள். அவளுடைய கையை நாங்கள் ஊருக்கெல்லாம் பகிர்ந்தோம்.

முதல் வாரம் ஒரே பாராட்டு. ஏதோ ஒரு நாட்டிலிருந்து ஒருவர், தன் கையைத் தானே வேடிக்கை பார்ப்பதாக எழுதியிருந்தார். கிருபாகரன் அதை அச்செடுத்துச் சுவரில் ஒட்டினார். அதற்குப் பின்னால்தான் ஓசூரிலிருந்து ஆரோக்கியராஜின் போன் வந்தது. எங்கள் கம்பெனி சின்னது, புகார்களையும் நான்தான் பார்க்க வேண்டும்.

தன் மேனேஜர் பின்னால் வந்து நின்றால் திறந்திருக்கும் கோப்பு மூடிக்கொள்கிறது என்றார் அவர். தானாக மூடுகிறதா, நீங்கள் மூடுகிறீர்களா என்று கேட்டேன். 

"என் கை மூடுது மேடம். நான் மூடல."

இடது கைச் சுண்டுவிரல் கன்ட்ரோலுக்குப் போகிறது, நடுவிரல் டபிள்யூவுக்குப் போகிறது, திரை காலியாகிறது என்று விவரித்தார். நான் வழக்கமான பதிலைச் சொன்னேன். செட்டிங்ஸில் போய், கோப்பை மூடும் அந்தச் சுருக்கவிசையை மாற்றிவிடுங்கள் என்றேன். மாற்றினார். அவருடைய கை சில நாள் தடுமாறிவிட்டு வேறு வழி கண்டுபிடித்தது. மேனேஜர் வந்ததும் மடிக்கணினியின் மூடியையே சாத்திவிட்டது. இது இன்னும் மோசம். மறைப்பதற்கு ஏதோ இருக்கிறது, வேறு கம்பெனிக்குத் திருட்டுத்தனமாக வேலை பார்க்கிறான் என்று முடிவு கட்டி அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். வீட்டில் நிலைமை அதைவிடக் கேவலம். மனைவி காபி கொண்டுவந்து பின்னால் நின்றால் டப்பென்று மூடி விழுகிறது. அப்படி எதைப் பார்க்கிறீர்கள் என்று அவள் ஒருமுறை கேட்டாளாம். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாளாம். கேட்காததுதான் தனக்குப் பயமாக இருக்கிறது என்றார்.

அவர் ஒருவர் மட்டும் இல்லை. கடிதங்கள் வந்துகொண்டே இருந்தன. வகுப்பில் பாடம் நடத்தும் ஒரு பேராசிரியர், மாணவன் பின்பக்கமாக வந்து சந்தேகம் கேட்டால் திரையை அணைத்துவிடுகிறார். பட்டையைக் கழற்றி வீசினாலும் பலன் இல்லை. கை கற்றுக்கொண்டது கற்றுக்கொண்டதுதான்.

பட்டையை வடிவமைத்தவன் இம்ரான். உக்கடத்துப் பையன், கெட்டிக்காரன், தன் கண்டுபிடிப்பில் குறை சொன்னால் மட்டும் முகம் சுண்டிப்போகும். அவன் முதலில் நம்பவே இல்லை. பிறகு ஒருநாள் மதியம் என்னைக் கூப்பிட்டு, தமயந்தி அக்கா வேலை செய்யும்போது பின்னால் போய் சும்மா நில்லுங்கள் என்றான். அவன் எதிர்ப்பக்கம் கைபேசியில் படம் எடுத்தான். நான் போய் நின்றேன். அவள் எழுதிக்கொண்டிருந்த கோப்பு மறைந்தது. திரும்பி என்னைப் பார்த்து, "வாங்க்கா" என்றாள், ஒன்றுமே நடக்காததுபோல.

ஏன் மூடினாய் என்று இம்ரான் கேட்டான். எதை என்றாள். படத்தைக் காட்டினோம். தன் இடது கையை வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்தாள். திரும்பப் போடச் சொல்லிப் பார்த்தாள். பிறகு எழுந்து போய்விட்டாள்.

கிருபாகரனுக்கு இம்ரான் விளக்கிச் சொன்னபோது நானும் அந்த அறையில் இருந்தேன்.

"பின்னால யாரு வந்து நின்னாலும் மனுஷனுக்கு முதுகு லேசா விறைக்கும் சார். அது எல்லாருக்கும் உள்ளது. அதுக்கப்புறம் விரல் என்ன செய்யணும்கிறதுதான் ஆளுக்கு ஆள் வேற. அக்காவோட விரல் மூடுது. நாம அதையும் சேர்த்து ஊருக்குக் கத்துக்குடுத்துட்டோம்."

"சரி, வேற ஒருத்தர் கையைப் பதிஞ்சு அனுப்பிரலாம்" என்றார் கிருபாகரன்.

"அது ரெண்டும் சண்டை போட்டுக்கும் சார். கை நடுங்க ஆரம்பிச்சிரும். எந்தக் கைகிட்ட கத்துக்கிட்டதோ அந்தக் கைதான் மறக்கடிக்கணும். பின்னால ஆள் நிக்கும்போது அக்கா மூடாம இருக்கணும். அதைப் பதிஞ்சு அனுப்பணும்."

கிருபாகரன் நல்ல மனிதர். கிண்டலுக்குச் சொல்லவில்லை. யார் வீட்டில் நோய் என்றாலும் முதலில் போய் நிற்பவர் அவர். தமயந்தியைக் கூப்பிட்டுத் தன்மையாகத்தான் பேசினார். உங்களைக் குற்றம் சொல்லவில்லை, ஆனால் வெளியே ஆட்கள் வேலையை இழந்துகொண்டிருக்கிறார்கள், கொஞ்சம் ஒத்துழைக்க வேண்டும் என்றார். அவளும் சரிங்க என்றாள். அவளுக்கு வேறு என்ன சொல்ல வழி இருந்தது?

மறுநாள் அவளைப் பட்டையோடு உட்காரவைத்து, ஒவ்வொருவராகப் பின்னால் போய் நின்றோம். ஒவ்வொரு முறையும் கோப்பு மூடியது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி திறந்தாள். மறுபடி மூடியது. தானே முயன்று பார்ப்போம் என்று கிருபாகரன் வந்தார். நாற்காலியின் முதுகில் கை வைத்து, கொஞ்சம் குனிந்து, "பயப்படாம எழுதுங்க தமயந்தி, நான் சும்மா பாக்கத்தான் செய்றேன்" என்றார். எப்போதுமே அப்படித்தான் அவர், யார் வேலை செய்தாலும் பின்னால் வந்து நின்று அன்பாக விசாரிப்பார். அவளுடைய இடது கை மறுபடி கன்ட்ரோலுக்குப் போனது. வலது கையால் அதைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் நாற்காலியைத் தள்ளிவிட்டுக் கழிப்பறைக்குப் போனவள் வெகுநேரம் வரவில்லை. நான் போய் வெளியே நின்றேன்.

முகம் கழுவிக்கொண்டு வந்தவளை மொட்டைமாடிக்குக் கூட்டிப்போனேன். அங்கே தண்ணீர்த்தொட்டியின் நிழலில் உட்கார்ந்து அவளாகத்தான் சொன்னாள்.

"இதுக்கு முன்னால வேலை பாத்த இடத்துல ஒரு டீம் லீடுங்க்கா. வந்து பின்னால நிப்பான். சேர் மேல கையை வெச்சுக்குவான். நான் எழுதுற புரோகிராமை ஒவ்வொரு வரியா என்ற காதுக்குப் பக்கத்துல படிப்பான். அவன்ற மூச்சு கழுத்துல படும். தொட்டானான்னு கேட்டா, தொடலைன்னுதான் சொல்லோணும். யார்கிட்டப் போய் என்னன்னு சொல்றது? புரோகிராமைப் படிச்சான்னு சொல்றதா?"

தொட்டியிலிருந்து சொட்டிய தண்ணீரைக் காலால் தேய்த்துக்கொண்டே மேலே சொன்னாள்.

"ஒருநாள் தெரியாத்தனமா ஃபைலை மூடிட்டேன். படிக்கிறதுக்கு ஒண்ணும் இல்லாமப் போச்சு. கொஞ்ச நேரம் நின்னான், போயிட்டான். அப்பத்தான் தெரிஞ்சுது. அவனைப் போகச் சொல்றதுக்கு எனக்கிருந்த ஒரே வழி அதாங்க்கா. அந்த வேலையை விட்டு வந்து எத்தனையோ காலமாச்சு. கை இன்னும் மூடிட்டிருக்குன்னு எனக்கே தெரியாது, சத்தியமா."

எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அவன் மேல், அந்த அலுவலகத்தின் மேல், இவளைச் சுற்றி வரிசையாக நின்ற எங்கள் மேல். என்ன பேசுவது என்று தெரியாமல் அவன் பெயரைக் கேட்டேன். எதற்கு என்றாள். 

எழுந்திருக்கும்போது அவள் ஒன்று கேட்டாள். "அக்கா, இதைப் பத்திக் குறிப்பு நீங்கதான எழுதுவீங்க? எனக்கு ஏதோ நோவு, அதனாலதான் ஆச்சுன்னு மட்டும் எழுதிராதீங்க. என்ற கையை நம்பித்தான் நாளைக்கும் எனக்கு வேலை. இந்த ஊர்ல எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்."

எழுத மாட்டேன் என்றேன். சொல்வது சுலபம்.

ஏனென்றால் அதே மாலை சட்ட ஆலோசகரிடமிருந்து கிருபாகரனுக்குத் தகவல் வந்துவிட்டது. வேலை போனவர்கள் வழக்குப் போடக்கூடும். காரணத்தை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும், அதே சமயம் கம்பெனியின் கவனக்குறைவு என்றும் வரக்கூடாது. 'பதிவு தந்த ஊழியரின் தனிப்பட்ட உடல்நலக் குறைபாட்டால் ஏற்பட்ட பிழை' என்று ஒரு வாக்கியத்தை அவரே எழுதி அனுப்பியிருந்தார். பெயர் போடவில்லையே, யாருக்குத் தெரியப்போகிறது என்றார் கிருபாகரன். நாணலின் கை யாருடையது என்று அவர்தான் பேட்டி பேட்டியாகச் சொல்லி, அவள் போட்டோவையும் போட்டிருந்தார். அதை நினைவுபடுத்தினேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வேற வழி இருந்தா சொல்லுங்க மேடம்" என்றார். அவருக்கும் சங்கடம்தான். அதற்காக வாக்கியம் மாறிவிடவில்லை.

முதலில் கை திருந்த வேண்டும், குறிப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஆனது. ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். கடைசியில் வழி சொன்னது தமயந்திதான். பின்னால் நிற்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு நிற்கட்டும் என்றாள். தன் கைபேசியைத் திரைக்குப் பக்கத்தில் சாய்த்துவைத்து, முன்பக்கக் கேமராவில் எங்கள் முகம் தெரிகிறமாதிரி பார்த்துக்கொண்டாள். நான்தான் முதலில் நின்றேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். விசைகள் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. அது நிற்கவில்லை.

அப்படியே பல நாள் நடந்தது. வேலைக்கு நடுவே எங்கள் அலுவலகத்தில் ஒருவர் மாற்றி ஒருவர் போய், பள்ளிக்கூடத்துப் பிரார்த்தனையில் நிற்பதுபோல், கண்ணை மூடிக்கொண்டு அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றோம். யாரோ பார்சல் கொடுக்க வந்தவர் இதைப் பார்த்துவிட்டுப் படியிறங்கியே போய்விட்டார். கிருபாகரனும் நின்றார். அவர் நின்றபோது அவள் கை ஒருமுறை தயங்கியது என்று இம்ரான் சொன்னான். பிறகு ஓடிவிட்டதாம்.

அந்தப் பதிவு அப்டேட்டாகப் போனது. பழைய பட்டையை எடுத்துக் கட்டிக்கொள்ளுங்கள் என்று எல்லோருக்கும் சொன்னோம். ஆரோக்கியராஜும் கட்டிக்கொண்டார். சில நாளில் போன் செய்து, மனைவி பின்னால் வந்து நின்றாள், மூடி விழவில்லை என்றார். குரலில் சந்தோஷம் இல்லை. ஏன் இப்படி ஆனது என்று காரணம் கேட்டார். பதிவு செய்யப்பட்டவருக்கு முன்பு ஓர் இடத்தில் நேர்ந்த பயம், அது கையில் தங்கிவிட்டது என்று பெயர் சொல்லாமல் சொன்னேன்.

"பாவம்தாங்க. ஆனா அவங்களைப் பயமுறுத்தினவன் எங்கயோ நல்லா இருப்பான்ல? என் வேலைதானே போச்சு" என்றார்.

ஆமாம் என்றேன். அவர் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. எழுதித் தாருங்கள், அந்த மேனேஜரிடம் காட்ட வேண்டும் என்றார். தருகிறேன் என்று அவருக்கும் வாக்குக் கொடுத்தேன். ஆக இரண்டு பேருக்கு வாக்குக் கொடுத்தாயிற்று, எழுத வேண்டிய வாக்கியமோ மூன்றாவது ஆளிடமிருந்து வந்து மேஜையில் கிடந்தது.

அப்போதுதான் இம்ரான் முகம் வெளுத்து வந்தான். திருத்தம் வேலை செய்யவில்லை என்றான். பட்டைகள் தங்கள் கணக்கை எங்களுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். அதன்படி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக் கைகள் இன்னமும், முதுகு விறைத்த மறுகணம், திரையை மறைத்துக்கொண்டுதான் இருந்தன. கிருபாகரன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். இவ்வளவு பேர் ஏன் புகார் சொல்லவில்லை என்று நான் கேட்டேன். இம்ரானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தான். அந்தக் கைகளின் பழைய கணக்கைத் தோண்டிப் பார்க்கிறேன் என்று போனான். தமயந்தியின் பதிவை அனுப்பத் தொடங்கும் முன்பு கொஞ்ச காலம் பட்டை எதையும் ஊட்டாமல் கையின் போக்கை மட்டும் அளந்துகொண்டிருந்தது, அந்தக் கணக்கு பத்திரமாக இருந்தது.

திரும்பி வந்தபோது அவன் குரல் இறங்கியிருந்தது.

"நாம எதையும் அனுப்புறதுக்கு முன்னாலயே இது இருக்கு சார். இவங்க கை ஏற்கெனவே இப்படித்தான். சில பேரு மூடுறாங்க. சில பேரு வேற விண்டோவுக்குத் தாவுறாங்க. சில பேரு எழுதுன இடத்தை விட்டுக் கீழ போயிர்றாங்க. நம்ம அப்டேட் வந்ததும் அவங்களுக்கு ஒரு மாத்தமும் தெரியல. அதான் புகார் பண்ணல. அக்கா கையைப் போட்டா வித்தியாசமா இருக்குன்னு சொன்னவங்க எல்லாம், அதுவரைக்கும் அப்படி யாரும் பின்னால வந்து நிக்காதவங்க."

 முதலில் பேசியது கிருபாகரன்.

"அப்ப அது நம்ம பிழை இல்லை" என்றார். பெருமூச்சு விட்டார். எனக்கு அந்தப் பெருமூச்சு பிடிக்கவில்லை. ஆனால் அவர் நிலையில் நான் இருந்தாலும் விட்டிருப்பேன் என்றுதான் தோன்றுகிறது. நாளைக்குப் பதிப்புக் குறிப்பு போய்விட வேண்டும், அந்த உடல்நல வாக்கியமும் இருக்கட்டும் மேடம், இல்லாவிட்டால் ஆலோசகர் ஒப்புக்கொள்ள மாட்டார் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை உட்கார்ந்து எழுதினேன். இத்தனை வருடத்தில் ஒரு குறிப்பை இவ்வளவு அடித்து அடித்து எழுதியதில்லை. முதல் பத்தியில், சென்ற பதிப்பை நிறுவியவர்களின் கை, யாராவது பின்னால் வந்தால் கோப்பை மூடியிருக்கும், அது உங்கள் குற்றம் இல்லை, எங்கள் குற்றம் என்று எழுதினேன். இது ஆரோக்கியராஜுக்கு. ஒருவருடைய கையைக் கேட்டு வாங்கினோம், அந்தக் கை என்னென்ன பட்டிருக்கிறது என்று கேட்கவில்லை என்று எழுதினேன். இது தமயந்திக்கு. உடல்நலம் என்ற சொல்லை எங்கும் போடவில்லை. கடைசியில், தெரிந்த குறைகள் என்று வழக்கமாக ஒரு தலைப்பு வரும். அதன் கீழே, திருத்தத்தை நிறுவிய பிறகும் உங்கள் கை மூடுகிறது என்றால் அது எங்களிடமிருந்து வந்ததில்லை, முன்பே உங்களிடம் இருந்தது, அதைச் சரிசெய்யும் வழி இந்தப் பதிப்பில் இல்லை என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

திரை காலியாக இருந்தது.

எழுதியதெல்லாம் எங்கே போனது என்று ஒரு கணம் விளங்கவில்லை. அப்புறம்தான் நாற்காலியின் முதுகை யாரோ பிடித்திருப்பது தெரிந்தது. திரும்பினேன், கிருபாகரன். நான் என்ன எழுதுகிறேன் என்று பார்க்க வந்திருக்கிறார். அவர் என்னைப் பார்க்கவில்லை, விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் இடது கைச் சுண்டுவிரலும் நடுவிரலும் இன்னும் கன்ட்ரோல் மேலும் டபிள்யூ மேலும் இருந்தன.

"நீங்களும் பட்டை கட்டிட்டீங்களா மேடம்?" என்றார்.

இல்லை என்று கையைத் தூக்கிக் காட்டினேன். மணிக்கட்டில் வளையல் தவிர ஒன்றும் கிடையாது.

எனக்கு ஐம்பத்தொரு வயது. யாருக்கும் பயப்படாதவள், வாயாடி என்று பெயர் வாங்கியவள். தமயந்தியின் கதையைக் கேட்டபோதுகூட, என்னிடம் எவனாவது அப்படி வந்து நின்றிருந்தால் தெரிந்திருக்கும் சேதி என்று உள்ளுக்குள் நினைத்திருந்தேன். என் கை யாரிடம் இதைக் கற்றுக்கொண்டது என்று உட்கார்ந்தபடியே யோசித்தேன். இவன்தான் என்று ஒருவனைச் சொல்ல முடியவில்லை. வேலை பார்த்த இடங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன, ஒவ்வொன்றிலும் நாற்காலிக்குப் பின்னால் யாராவது இருந்தார்கள்.  அவமானமாகவும் இருந்தது, எனக்கு எதற்கு அவமானம் என்றும் இருந்தது.

பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டேன். "இங்க உக்காந்து படிங்க சார்" என்றேன்.

அவர் உட்கார்ந்தார். கோப்பைத் திறந்து காட்டினேன். முழுக்கப் படித்தார். உடல்நல வாக்கியம் இல்லை என்பதை அவர் கவனிக்காமல் இருந்திருக்க முடியாது. அவர் வாயைத் திறந்தபோது கேட்டது வேறு.

"நான் வந்து நிக்கிறப்ப... நம்ம ஆபீஸ்ல எத்தனை பேருக்கு இப்படி?"

"இம்ரான்கிட்ட இருக்கு சார். கேட்டா எடுத்துக் குடுப்பான்."

தலையை ஆட்டினார். எழுந்து நின்று, எந்தப் பக்கமாகப் போவது என்று தெரியாதவர்போல் கொஞ்சம் தடுமாறி, என் முன்பக்கமாகச் சுற்றிக்கொண்டு நடந்தார். வாசலில் நின்று, "அப்படியே போட்டுருங்க மேடம். ஆலோசகரை நான் பாத்துக்கறேன்" என்றார்.

போட்டுவிட்டேன். வாழ்க்கையில் முதல்முறையாக என் குறிப்பைப் படித்தார்கள். பெருக்கல் குறியைத் தட்டாமல் கீழே வரை உருட்டிப் படித்தவர்கள் எத்தனை பேர் என்று இம்ரான் ஆச்சரியமாகச் சொன்னான். ஆரோக்கியராஜ் அதை அச்செடுத்துப் பழைய மேனேஜரிடம் காட்டினார். வேலை திரும்பக் கிடைக்கவில்லை. மனைவி மட்டும் இரண்டு முறை படித்தாளாம், பிறகு எதிரே உட்கார்ந்து காபி கொடுத்தாளாம். பதில் எழுதியவர்களில் பெரும்பாலோர் அதுவரை ஒரு புகாரும் அனுப்பாதவர்கள். ஒரு வரி, இரண்டு வரி. எனக்கும் முன்பே உண்டு, எனக்கும் முன்பே உண்டு என்று. அவற்றை அச்செடுத்துச் சுவரில் ஒட்ட யாருக்கும் தோன்றவில்லை. தமயந்தி வேலையில்தான் இருக்கிறாள். கையை மட்டும் இனிப் பதிய மாட்டேன் என்று சொல்லிவிட்டாள், யாரும் வற்புறுத்தவில்லை.

கிருபாகரன் இம்ரானிடம் அந்தக் கணக்கைக் கேட்கவே இல்லை. ஆனால் அவருக்கு உறுத்தியிருக்க வேண்டும். இப்போதெல்லாம் யார் பின்னாலும் சத்தமில்லாமல் போய் நிற்பதில்லை. வருவது முன்கூட்டியே தெரியட்டும் என்று, ஒரு பெரிய சாவிக்கொத்தை வாங்கி, நடக்கும்போது கையில் குலுக்கிக்கொண்டே வருகிறார். நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சாவிச் சத்தம் வராந்தாவில் கேட்டதுமே எங்கள் வரிசையில் கோப்புகள் மூடிக்கொள்கின்றன. முன்பாவது அவர் பின்னால் வந்து நின்ற பிறகுதான் மூடும். நேற்று தமயந்தியும் நானும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கி, காலியான எங்கள் திரைகளைப் பார்த்துக்கொண்டோம். அந்தச் சாவிகளை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள் என்று அவரிடம் யார் போய்ச் சொல்வது என்பது இன்னும் முடிவாகவில்லை.